மூன்றாவது முறை கேட்கிறவரைக்கும்

எங்கள் வீட்டுக்கு ரொட்டி எப்போதும் ஜோடியாகத்தான் வரும். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு, கை நீளத்துக்கு இருக்கிற பகெத் ஒன்றே அதிகம். ஆனாலும் கிரெனோபிளில் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் என் முறை வந்ததும் வாய் தானாக இரண்டு என்றுதான் கேட்கும். பசியால் இல்லை, பயத்தால். பிரெஞ்சில் ஒன்று என்று கேட்க வேண்டுமென்றால், கேட்கிற பண்டம் ஆணா பெண்ணா என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆணென்றால் 'அன்', பெண்ணென்றால் 'யூன்'. இரண்டு என்று கேட்டுவிட்டால் அந்த வம்பே கிடையாது. பகெத் பெண் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் பின்னால் வரிசை நிற்கிறபோது, கடைக்கார அம்மா புருவத்தைத் தூக்கிப் பார்க்கிறபோது, தெரிந்ததெல்லாம் நாக்கிலிருந்து வழுக்கிப் போய்விடுகிறது. மிஞ்சுகிற ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கடுகு தாளித்து என் மனைவி நித்யா உப்புமா கிளறுகிறாள். "ஏனுங்க, ஒரு நாளைக்காச்சும் தைரியமா ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்" என்பாள். அட, அவ்வளவு சுலபமாக இருந்தால் நான் ஏன் இப்படிக் கிடந்து அல்லாடுகிறேன்!

நான் மதுக்கரைக்காரன். அப்பா சிமெண்டு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் பம்புக்கு உதிரி பாகம் கடைந்துகொண்டிருந்தேன். நித்யாவுக்கு இங்கே மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டு நானும், அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் இனியாவும் வந்து சேர்ந்தோம். ஊரில் கல்யாணம் காட்சி என்று சொந்தபந்தம், ஒறம்பரை சனம் கூடினால், பொண்டாட்டி வேலைக்குப் பின்னால் போனவன் என்று என்னைப் பற்றி ஒரு சிரிப்பு ஓடும். ஓடட்டும். எனக்கு இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. பேச்சு தேவைப்படாத வேலை என்பதால்தான் அது கிடைத்தது. இனியாவுக்கு இப்போது ஆறு வயது, பிரெஞ்சு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. நான் வாயைத் திறந்தால் போதும், "ஐயோ அப்பா, 'ல' இல்ல, 'லா'!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

வேடிக்கை என்னவென்றால், ஊரில் என்னைப் பிரெஞ்சுப் பண்டிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோயமுத்தூரில் காந்திபுரம், ஆர்.எஸ்.புரம் பக்கம் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இப்போது ஏராளம். சிலருக்குக் கனடா, சிலருக்கு இங்கே மேல்படிப்பு. எப்படியோ என் நம்பர் அவர்கள் கைக்குப் போய்விட்டது. வாட்ஸப்பில் கேள்வி மேல் கேள்வி. எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றேதான்: "அண்ணா, மேசை ஏனுங்கண்ணா பொம்பளை?" தம்பிகளே, தங்கைகளே, யாருக்கும் தெரியாது. நமக்கு உயிரில்லாததெல்லாம் 'அது' என்று ஒரே போடு. இவர்களுக்கு நாற்காலியும் பெண், சன்னலும் பெண், கதவும் பெண், ஆனால் சுவர் ஆண். காரணம் தேடாதீர்கள். மேசை என்று தனியாகப் படிக்காமல் 'லா தாப்ல்' என்று இனிஷியலோடு சேர்ந்த பெயர் மாதிரி முதல் நாளிலிருந்தே மனப்பாடம் செய்துவிடுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் முதல் வகுப்பில் மானம் போனது. லேத்துக்கு இங்கே 'தூர்' என்று பெயர், அது ஆண். அதையே பெண்ணாக்கிவிட்டால் கோபுரம். நான் இத்தனை வருடம் கோபுரத்தில் வேலை பார்த்தவன் என்று எழுந்து நின்று அறிமுகம் செய்துகொண்டேன். ஈஃபில் கோபுரத்திலா என்று டீச்சர் ஆர்வமாகக் கேட்டார். நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். என்ன கேட்டார் என்று புரிந்தால்தானே!

அந்தத் தலையாட்டலுக்கெல்லாம் சேர்த்து வைத்து வட்டி கட்ட வேண்டிய நேரம் போன வருடம் வந்தது. எங்கள் தங்கும் அட்டை முடியப்போகிறது, இந்த முறை பத்து வருட அட்டைக்குப் போடலாம் என்றார்கள். அதற்கு வீட்டில் இருவருக்குமே பிரெஞ்சுச் சான்றிதழ் வேண்டும். நித்யா முதல் தடவையிலேயே ஊதித் தள்ளிவிட்டாள். நான் கோட்டைவிட்டேன். எழுத்தில் தேறினேன், வாய்ப்பேச்சில் விழுந்தேன். இன்னும் ஒரு தடவை எழுத மட்டும் அவகாசம் இருந்தது. அட்டை எப்போது முடியும், புதியது எப்போது வரும் என்று பயந்து பயந்து வாழ்ந்ததில் நித்யா அலுத்துப் போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காய் நறுக்கிக்கொண்டே, குரல் உயர்த்தாமல் சொன்னாள்: "ரெண்டு பேருத்துக்கும் கெடச்சா இருக்கலாமுங்க. இல்லீன்னா மூணு பேரும் ஊருக்கே போயிரலாம். இப்புடி அரை உசுரா இருக்க என்னால முடியாது." கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் ஒருத்தன் நாக்கு புரளாததால் அவள் வேலையை விட வேண்டும், இனியா பள்ளிக்கூடத்தை விட வேண்டும்.

மறுபடி வகுப்புக்குப் போனேன். எங்கள் குடியிருப்புப் பகுதியில் ஒரு சங்கம் இலவசமாக நடத்துகிற வகுப்பு அது. ஓய்வு பெற்ற மதாம் ஒடில் என்பவர்தான் டீச்சர். ஆப்கானிஸ்தான்காரர், பிரேசில்காரி, உக்ரைன்காரி என்று உலகமே அந்த அறையில் உட்கார்ந்து ஒரே கேள்விகளைத்தான் கேட்டது. போனேன், வந்தேன், பிறந்தேன், செத்தேன் என்பதற்கெல்லாம் இறந்தகாலத்தில் 'எத்ர்' என்ற துணைவினை சேர்க்க வேண்டும், தின்றேன், பார்த்தேன் என்றால் 'அவ்வார்' சேர்க்க வேண்டும், ஏன்? எழுதுகிற எழுத்தில் பாதியை வாசிப்பதே இல்லையே, பிறகு எதற்கு எழுதுகிறீர்கள்? மதாம் ஒடில் இரண்டு கைகளையும் விரித்து, உதட்டைப் பிதுக்கி, "ஸே கோம் ஸா" என்பார். அது அப்படித்தான் என்று அர்த்தம். வந்த புதிதில் எனக்கு அந்தப் பதில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால், நமக்கு மட்டும் என்ன வாழ்கிறது? ஏன் ஊடு என்கிறீர்கள், வீடு என்று எழுதுகிறீர்கள் என்று ஒரு வெள்ளைக்காரர் என்னைக் கேட்டால் நானும் கையைத்தான் விரிப்பேன்.

ஒரே ஒரு நாள் தமிழ் எனக்குக் கை கொடுத்தது. நான் இங்கே ஐந்து வருடமாக இருக்கிறேன் என்பதைப் பிரெஞ்சில் நிகழ்காலத்தில்தான் சொல்ல வேண்டும். இங்கிலீஷ் படித்து வந்தவர்கள் எல்லாம் இருந்திருக்கிறேன், இருந்துகொண்டிருந்திருக்கிறேன் என்று சுற்றிச் சுற்றி வந்து முட்டிக்கொண்டார்கள். நான் ஒரு நிமிடம் இங்கிலீஷைத் தூக்கி எறிந்துவிட்டு, அம்மாவிடம் போனில் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். அப்படியே வந்து விழுந்தது. ஊரிலிருந்து கேட்கிற பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இங்கிலீஷ் வழியாகப் போகாதீர்கள், பல இடங்களில் தமிழ்தான் கிட்ட.

ஆனால் நீ, நீங்க விஷயத்தில் நம்முடைய தமிழே காலை வாரிவிடும். இவர்களுக்கும் 'தியூ', 'வூ' என்று இரண்டு உண்டு. எனக்கு என்ன சிரமம், பிறந்ததிலிருந்து எல்லாரையும் வாங்க போங்க என்றே வளர்ந்தவன் ஆயிற்றே என்று மிதப்பாக இருந்தேன். இனியாவோடு படிக்கிற ஒரு பொடியனிடம் 'வூ' போட்டுப் பெயர் கேட்டேன். அவன் தனக்குப் பின்னால் வேறு யாரோ பெரியவர்கள் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். கிடங்கில் கூட வேலை செய்கிற மார்க்குக்கும் மாதக் கணக்கில் 'வூ'தான் போட்டேன். ஒருநாள் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உனக்கு என்மேல் என்ன கோபம் என்று கேட்டான். மரியாதை கொடுத்தால் கோபம் என்கிறான், அடக் கெரகமே!

பரீட்சைக்கு முன்னால் நடந்த கடைசி வகுப்பில் சப்ஜோங்க்தீஃப் என்ற வினைவடிவத்தை மதாம் ஒடில் மறுபடி எடுத்தார். படிக்கிற எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிற பாடம் அது. நடந்ததைச் சொல்ல ஒரு வடிவம் இருக்கிறது. நடக்கணுமே என்று ஏங்குவது, நடக்குமா என்று சந்தேகப்படுவது, நடந்துவிடுமோ என்று பயப்படுவது, இதற்கெல்லாம் வேறு வடிவம். எப்போது போட வேண்டும் என்று கண்டுபிடிப்பது எப்படி என்று பிரேசில்காரி கேட்டாள். மனசு கிடந்து அடித்துக்கொள்கிற இடத்தில் போடு என்றார் டீச்சர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஒரு வருடமாக நான் வேறு எந்த வடிவத்திலும் யோசிக்கவே இல்லை. தோற்றுவிடுவேனோ, நித்யா முகம் எப்படிப் போகுமோ, ஊரில் என்ன சொல்வார்களோ. அம்மா வேறு ஒவ்வொரு போனிலும், "பரிச்சை எப்பங் கண்ணு? நானு மருதமலைக்கு வேண்டியிருக்கறேன் சாமி, நீ பயப்படாத" என்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பயப்படாதே என்று சொன்னால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கும்.

பரீட்சை நாளன்று நித்யா லீவு போட்டுவிட்டு டிராமில் கூடவே வந்தாள். வாசலில் என் சட்டைக் காலரைச் சரிசெய்து, "மெதுவாப் பேசுங்க, ஓடாதீங்க" என்றாள். உள்ளே இரண்டு பெண்கள். ஒருவர் பேசுகிறவர், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்கிறவர். முதல் பகுதி அறிமுகம். மளமளவென்று சொன்னேன், லேத்தைக்கூட ஆணாகவே சொல்லிவிட்டேன். இரண்டாவது பகுதிக்கு ஒரு சீட்டை எடுக்கச் சொன்னார்கள். நீங்கள் புதிதாகக் குடிவந்தவர், அடுத்த வீட்டு அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார், பேசுங்கள் என்று எழுதியிருந்தது. பேசுகிறவர்தான் அடுத்த வீட்டு அம்மா. முகம் முழுக்கச் சிரிப்போடு, சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேண்டாங்க மதாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம், நாங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்வோம் என்றேன். பிசிறில்லாமல், ஒரு இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன்.

"ஆ, தக்கோர்" என்றார் அவர். சரி என்று அர்த்தம். "தொமாழ்." பரிதாபம் என்று அர்த்தம். அவ்வளவுதான். சிரிப்பை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அவர் மறுபடி கேட்பார் என்று நான் காத்திருந்தேன். நேரம் போனது. குறிக்கிற அம்மாவின் பேனாவும் நின்றுவிட்டது. அப்போதுதான் உறைத்தது, ஐயோ, இந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்! பேச வேண்டிய பேச்சை நானே முதல் வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒறம்பரை போன வீட்டில் முதல் தடவை கேட்டதுமே சாப்பிட உட்காருகிறவனை என்னவென்று சொல்வார்கள்? சோத்தையே கண்டதில்லையாட்ட இருக்குது என்பார்கள். கல்யாணம் பேசி முடித்த பிறகு நித்யாவின் வீட்டுக்கு, கோபிசெட்டிபாளையத்துக்கு, முதன்முதலாகப் போனேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிறு கபகபவென்று எரிந்தது. "சாப்புடலாம் வாங்க மாப்ள" என்றார் மாமனார். "இல்லீங், இப்பத்தானுங் சாப்புட்டேன்" என்றேன். "அட, எந்திரிங்க மாப்ள" என்றார். "வேண்டாங், பரவால்லீங்" என்றேன். மூன்றாவது தடவை அவர் கேட்கவே இல்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் இலை முன்னால் உட்கார வைத்தார். அன்றைக்கு நான் தின்ற தீனியை நித்யா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். கூப்பிடுகிறவர் விடக்கூடாது, வருகிறவர் உடனே ஒத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பேருக்கும் அது தெரியும். இங்கே எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நான் என்ன செய்தேன் என்று இப்போது யோசித்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. "மதாம், நீங்கள் மறுபடி கேட்க வேண்டும்" என்றேன். ஏன் என்றார். நான் முதலில் சொன்னது மரியாதைக்கு, எங்கள் ஊரில் மூன்று தடவை கேட்க வேண்டும் என்றேன். பிறகு வாய் நிற்கவில்லை. மாமனார், கோபிசெட்டிபாளையம், பசி, இலை எல்லாவற்றையும் சொன்னேன். ஆண் பெண்ணானது, பெண் ஆணானது, 'எத்ர்' வர வேண்டிய இடத்தில் 'அவ்வார்' வந்தது, மாமனாருக்குப் பிரெஞ்சில் என்ன என்பது மறந்துபோய் மனைவியின் அப்பா என்று சமாளித்தேன். அந்த அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் உங்கள் ஊரில் ஒருவருக்கு நிஜமாகவே வேண்டாம் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். அது பரீட்சைக் கேள்வி இல்லை, தெரிந்துகொள்வதற்காகவே கேட்டார். இரண்டு கையையும் இலைக்குக் குறுக்கே வைத்து மறைத்துக் காட்டினேன். அப்போதும் ஒரு கரண்டி போடுவார்கள் என்றேன். குறித்துக்கொண்டிருந்த அம்மாவே சிரித்துவிட்டார்.

வெளியே வந்து நித்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். டிராம் நிறுத்தம் என்றுகூடப் பார்க்காமல் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "சோறு போடறேன்னு ஒருத்தி கூப்புட்டா செரின்னு சொல்றதுக்கு என்னுங்க கேடு?" என்றாள். வண்டியில் இருவரும் சன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தோம். அடுத்து வந்த வாரங்கள் எப்படிப் போயின என்று என்னைக் கேட்காதீர்கள். தபால்பெட்டியை நாளைக்கு மூன்று தடவை திறந்து பார்ப்பேன். நித்யா யாருக்கும் தெரியாமல் ஊர் விமானக் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

முடிவு வந்தது. தேறிவிட்டேன். இலக்கணத்தில் மிகக் குறைவாகவும், கலந்து பேசுவதில் நான் கனவிலும் நினைக்காத அளவுக்கும் மதிப்பெண் போட்டிருந்தார்கள். நித்யா என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். அத்தனை பயத்தை அவளும் உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள், பாவம். இனியாவுக்கு விஷயம் புரியவில்லை, இருந்தாலும் சோபா மேல் ஏறிக் குதித்தாள்.

உடனே ஊருக்குப் போன் போட்டேன். அப்பாவும் அம்மாவும் ஸ்பீக்கரில் வந்தார்கள். "மருதமலையான் கண்ணத் தொறந்துட்டானுங் கண்ணு!" என்று அம்மா கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அப்பா, "நல்லது தம்பி, நல்லது தம்பி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அம்மா கேட்டாள்: "அந்த அட்டை எத்தன வருசத்துக்குங் கண்ணு?"

"பத்து வருசம்மா."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்கிற சத்தம் கேட்டது. அம்மா அதை அணைக்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். போகவில்லை. குரல் தணிந்து வந்தது. "உங்கிட்டச் சொல்லாம இருந்தோஞ் சாமி. மேல மாடியில உனக்குன்னு ஒரு ரூமு எடுக்கலாம்னு தூணு எழுப்பியாச்சு. தை பொறந்ததும் காங்கிரீட்டுப் போட்டர்லாம்னு மேஸ்திரி சொல்லியிருக்கறாரு. போடச் சொல்லட்டுமா, வேண்டாமா கண்ணு?"

"வேண்டாம்மா, உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல சிரமம்?" என்றேன்.

சொல்லிவிட்டு, அடுத்து அம்மா என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். நீ சும்மா இருடா, உன்னையக் கேட்டா கட்டறோம் என்பாள். அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட எனக்குத் தயாராக இருந்தது.

"செரிங் கண்ணு. அப்ப நிறுத்திப்போடச் சொல்லீர்றேன்" என்றாள் அம்மா.

இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் கட்டுங்கம்மா என்றுதான் சொல்லியிருப்பேன். பெற்ற பிள்ளை சொல்கிற வேண்டாம் என்பதை முதல் தடவையிலேயே அப்படியே எடுத்துக்கொள்ள அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவேளை என் குரலே இப்போது அப்படிக் கேட்கிறதோ என்னவோ. நானாக வாயைத் திறந்து கட்டுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அப்பாதான் பேச்சை எடுத்தார். "கம்பிக்கு மட்டும் சிமெண்டுப் பால் அடிச்சு உடச் சொல்றேன் தம்பி. அடிச்சு வெச்சா துரு ஏறாது. என்னிக்காச்சும் வேணும்னா எடுத்துக்கலாம்" என்றார்.

போன வாரம் அப்பா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மொட்டை மாடியில் நான்கு மூலையிலும் அரைத்தூண்கள், அவற்றின் தலையில் சிமெண்டுப் பால் பூசிய கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. கம்பிக்குக் கம்பி குறுக்கே கயிறு கட்டி, அம்மா துணி காயப் போட்டிருக்கிறாள்.